ஆறு மாதச் சம்பளம் யார் கணக்கில்?

கடிதத்தில் நான் தேடியது ஒரே ஒரு வரியைத்தான். 'கூடுதல் நிதி ஏதுமின்றித் திட்டக் காலம் ஆறு மாதங்களுக்கு நீட்டிக்கப்படுகிறது.' அரசு மானியத்தில் ஆராய்ச்சி செய்த எல்லோருக்கும் இந்த வரி பழக்கம். 'நோ காஸ்ட் எக்ஸ்டென்ஷன்' என்போம். கேட்டு, காத்திருந்து, கிடைத்துவிட்டால் கோயிலுக்குப் போய்வந்தது போல இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. கூட்டாளியைத் தொலைபேசியில் அழைத்து "கிடைத்துவிட்டது" என்றேன். இரவு சாப்பிட்டு முடித்து, அடுத்த மாதச் சம்பளக் கணக்கைத் திறந்து உட்கார்ந்தபோதுதான் அந்த வரி மறுபடி கண்ணில் பட்டது. கூடுதல் நிதி இல்லை, சரி. ஆனால் ஆறு மாதம் ஆய்வகம் நடக்கும். விளக்கு எரியும், உறைபெட்டி ஓடும், ஓர் ஆள் காலையில் வந்து மாலையில் போவார். அந்தச் செலவு எங்கே போகிறது? இரண்டு வருடமாக இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது.

எந்தத் திட்டம், எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. என்னிடம் பேசிய அதிகாரிகள் எல்லோரும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். இருவர் தங்களால் முடிந்த அளவு உதவியும் செய்தார்கள். நான் பேச நினைப்பது விதி எழுதப்பட்டிருக்கும் முறையைப் பற்றி.

எங்கள் நிறுவனத்தில் நானும் கல்லூரிக் காலத்து நண்பர் ஒருவரும் பங்குதாரர்கள். பெங்களூரில் ஹெப்பாள் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் இரண்டு மேசையும் ஒரு உறைபெட்டியில் பாதி இடமும் வாடகைக்கு எடுத்திருந்தோம். மாட்டுக்கு வரும் மடிநோயை, அது வெளியே தெரிவதற்கு முன்பே பாலில் கண்டுபிடிக்கும் சோதனைப் பட்டை எங்கள் வேலை. மடி வீங்கி, பால் திரிந்து வந்தால் கறப்பவருக்கே தெரிந்துவிடும். அதற்கு முந்தைய நிலையில் பால் பார்க்க நன்றாகவே இருக்கும். கறவை மட்டும் குறைந்துகொண்டே வரும், காரணம் புரியாது. 1957-இல் வெளியான கலிபோர்னியா சோதனை இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. நான்கு காம்புப் பாலையும் நான்கு குழியுள்ள தட்டில் தனித்தனியாகப் பீய்ச்சி, மருந்தை ஊற்றிச் சுழற்றிப் பார்க்க வேண்டும். பால் கூழ் போல இறுகினால் நோய். எளிய, அருமையான சோதனை. ஆனால் 'கொஞ்சம் இறுகுகிறதா, இல்லையா' என்ற இடத்தில் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஒரு கோடா இரண்டு கோடா என்று பார்த்தால் போதும் என்ற அளவுக்கு அதை எளிமையாக்க நினைத்தோம்.

இப்படி ஒரு யோசனைக்கு வங்கி கடன் தராது, தரவேண்டும் என்று சொல்லவும் முடியாது. எங்களிடம் அடமானம் வைக்க இருந்தது, பட்டையில் நோய்க்கான புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி நான்கு குப்பி. முதலீட்டாளர்கள் கேட்கும் வேகமும் மாட்டுத் தொழுவத்தின் வேகமும் வேறு. இந்த இடைவெளிக்காகத்தான் அரசு மானியம் இருக்கிறது. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2005-இல் சிறு நிறுவனங்களுக்கென்று எஸ்.பி.ஐ.ஆர்.ஐ. திட்டத்தைக் கொண்டுவந்தது. 2012-இல் அதே துறையின் கீழ் பைராக் என்ற அரசு நிறுவனம் உருவானது. அதன் 'பிக்' மானியம் 50 லட்சம் ரூபாய் வரை, 18 மாதம் வரை, கடனாகவும் இல்லாமல் நிறுவனத்தில் பங்கும் கேட்காமல் கிடைக்கிறது. ஜனவரி 1, ஜூலை 1 என்று வருடத்துக்கு இருமுறை அழைப்பு வரும்போது பெங்களூரில் எத்தனை ஆய்வக மேசைகளில் அதைப் பற்றியே பேச்சு நடக்கும் என்பது இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். நான் மதிக்கும் பல நிறுவனங்களின் முதல் ரூபாய் அரசிடமிருந்து வந்ததுதான். 'முடியுமா, முடியாதா என்று பார்த்துச் சொல், அதற்கான செலவு என்னுடையது' என்று ஓர் அரசு தன் குடிமக்களிடம் சொல்வதை நான் சாதாரண விஷயமாக நினைக்கவில்லை. அந்த வாக்கு முழுமையாக இருக்கவேண்டும் என்ற ஆசைதான் இதை எழுதவைக்கிறது.

மாரிக்குப்பத்திலிருந்து வந்தவர்

மானியம் கிடைத்ததும் ஆய்வக உதவியாளராக ஒரு பெண்ணைச் சேர்த்தோம். மாதம் 28,000 ரூபாய். கோலார் தங்கவயல்காரர். மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயிலேறி, பங்காருப்பேட்டை வழியாகக் கிருஷ்ணராஜபுரத்தில் இறங்கி, வெளிவட்டச் சாலையில் பஸ் பிடித்து வருவார். தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு இப்படித் தினமும் வேலைக்கு வந்து போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபோது இவருக்கு ஐந்து வயது. அப்பா சுரங்கத் தொழிலாளி. வேலை போனபிறகு வீட்டில் அம்மா ஒரு பசு வளர்த்து, பால் ஊற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார். நேர்காணலில் இதை அவர் சொல்லவில்லை. பின்னால் வேறொரு சந்தர்ப்பத்தில் தெரிந்துகொண்டோம்.

எங்கள் பட்டையில் கோடு போடுவது தங்கம். கண்ணுக்குத் தெரியாத துகள்களாகத் தங்கத்தைத் தண்ணீரில் மிதக்கவிடுவோம். கொதிக்கும் தங்க உப்புக் கரைசலில் சிட்ரேட்டை ஒரே வீச்சில் ஊற்றவேண்டும். வெளிர்மஞ்சளாக இருந்தது நிறமிழந்து தெளியும், பிறகு மைபோலக் கறுக்கும், அடுத்த சில நிமிடங்களில் நாவல்பழச் சாற்றின் சிவப்புக்கு வரும். அந்தச் சிவப்பு வந்தால்தான் தொகுதி நன்றாக இருக்கிறது என்று பொருள். ஊதாவாக நின்றுவிட்டால் துகள்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன, கொட்டிவிட வேண்டியதுதான். அவர் கை வைத்தபிறகு ஊதா வந்த நாட்கள் மிகக் குறைவு. கண்ணாடிக் குடுவையை அவர் கழுவுகிற கழுவல் அப்படி. தங்கம் சிவப்பாக இருக்கும் என்று அப்பாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லையாம். ஒரு சிறு குப்பியில் கொஞ்சம் எடுத்துப் போகட்டுமா என்று என்னிடம் கேட்டு, எடுத்துப்போய்க் காட்டினார்.

பன்னிரண்டாம் மாதத்தில் கோலார், சிக்கபள்ளாப்பூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பால் மாதிரிகள் வரத் தொடங்கின. பட்டை எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வேலை செய்தது. ஆனால் ஒவ்வொரு தொகுதியிலும் சில மாதிரிகள் ஒத்துவரவில்லை. பட்டையில் நோய் என்று இரண்டு கோடு வரும், அதே பாலிலிருந்து ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்த்தால் எதுவும் வளராது. மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். ஆன்டிபாடியைச் சந்தேகித்தோம், சவ்வைச் சந்தேகித்தோம், கொழுப்பு அடைக்கிறதா என்று பாலை இன்னும் நீர்க்கவைத்துப் பார்த்தோம். நண்பர் புள்ளிவிவர அட்டவணையைத் தலைகீழாகப் புரட்டினார்.

ஒரு சனிக்கிழமை மதியம் எங்கள் உதவியாளர் ஐந்தாறு குப்பிகளை மட்டும் தனியே வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பால் கண்ணாடியில் எப்படி வழிகிறது என்று கவனித்தார்.

"அக்கா, இது கன்று போட்டுக் கொஞ்ச நாளான மாட்டுப்பால். சீம்பால் முழுதாகத் தெளியவில்லை. பாருங்கள், ஓரத்தில் எப்படி ஒட்டுகிறது."

மாதிரிப் படிவத்தில் மாட்டின் வயது, இனம், கறவை அளவு எல்லாம் கேட்டிருந்தோம். கன்று ஈன்ற தேதியைக் கேட்கவில்லை. அன்றே கிராமங்களுக்குத் தொலைபேசியில் பேசித் தேதிகளை வாங்கினோம். ஒத்துவராத மாதிரிகளில் பெரும்பாலானவை கன்று ஈன்று சில நாட்களே ஆன மாடுகளுடையவை. மீதி, பால் வற்றும் கட்டத்தில் இருந்தவை. நாங்கள் தேடிய புரதம் லாக்டோஃபெரின். மடிநோயில் அது கூடுகிறது என்பதுதான் எங்கள் மொத்தத் திட்டத்தின் அடிப்படை. சீம்பாலிலும், மடி வற்றும்போதும் அது இயல்பாகவே கூடுதலாக இருக்கும் என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. படித்திருந்தேன். தொழுவத்தோடு சேர்த்துப் பார்க்கவில்லை. நோட்டில் அன்றைய பக்கத்தின் ஓரத்தில் அவர் தமிழில் 'சீம்பால்' என்று எழுதி அடிக்கோடிட்டிருக்கிறார். மற்ற பக்கங்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும்.

சொல்வதா, விடுவதா

அடுத்த மாதம் முன்னேற்ற அறிக்கை கொடுக்கவேண்டும். நண்பர் ஒரு வழி சொன்னார். அந்த மாதிரிகளை 'தகுதி வரம்புக்கு வெளியே' என்று நீக்கிவிடலாம். பொய்யாகாது. வரம்பை நாம்தான் வகுக்கிறோம், இப்போது வகுத்துக்கொண்டால் போயிற்று. மீதி மாதிரிகளில் துல்லியம் ஒப்புக்கொண்ட இலக்கைத் தாண்டும், திட்டத்தின் அந்த மைல்கல் முடிந்ததாகும், மானியத்தின் அடுத்த தவணை வரும். அவரை நான் குறைசொல்ல மாட்டேன். தவணை முறையில் இயங்கும் எந்தச் சிறு நிறுவனத்திலும் இந்த உரையாடல் ஒருமுறையாவது நடந்திருக்கும். அறிக்கைப் படிவத்தில் 'இலக்கு', 'எட்டப்பட்டதா' என்று இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. 'எதிர்பாராமல் தெரிந்துகொண்டது என்ன' என்று கேட்கும் கட்டம் இல்லை.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்தோம். கன்று ஈன்ற மாட்டுக்கு மடிநோய் என்று தவறாகக் காட்டினால், தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் ஏற்றுவார்கள், அந்த நாட்களின் பாலை விற்கமுடியாமல் கொட்டுவார்கள். ஒரு மாடு வைத்திருக்கும் வீட்டுக்கு அது எவ்வளவு என்று சொல்வதற்கு எங்கள் அறையிலேயே ஒருவர் இருந்தார்.

காணொளியில் நடந்த மதிப்பீட்டுக் கூட்டத்தில் மூத்த கால்நடைப் பேராசிரியர் ஒருவர் எங்கள் அறிக்கையை உண்மையிலேயே வரி வரியாகப் படித்திருந்தார். "இதைச் சொன்னீர்களே, அதுதான் இந்தத் திட்டத்தின் பலன்" என்றார். எத்தனை நாள் வரை பட்டை தவறாகக் காட்டுகிறது என்பதைச் சரியாகக் கண்டுபிடியுங்கள், ஒரே மாட்டைத் தொடர்ந்து பின்பற்றி மாதிரி எடுங்கள் என்றார். சரியான அறிவுரை. அதற்கு ஆறு மாதம் தேவை என்பதையும் குழு ஒப்புக்கொண்டது. இரண்டாம் தவணையும் தாமதமாக என்றாலும் வந்து சேர்ந்தது. பிறகுதான் அந்தக் கடிதம்.

கணக்கில் இருந்த பணம்

மானியக் கணக்கு எப்படி இயங்கும் என்பது துறைக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்காது. மொத்தத் தொகை தலைப்பு தலைப்பாகப் பிரிந்திருக்கும். கருவி ஒரு தலைப்பு, ரசாயனம் ஒன்று, பயணம் ஒன்று, ஆள்சம்பளம் ஒன்று. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நினைத்தபடி மாற்ற முடியாது. எங்களுக்குப் பட்டை வெட்டும் இயந்திரம் மதிப்பிட்டதைவிடக் குறைவான விலைக்குக் கிடைத்ததால், கருவித் தலைப்பில் 1,43,000 ரூபாய் மிச்சம் இருந்தது. ஐந்து மாதச் சம்பளத்துக்கும் கொஞ்சம் அதிகம். ஆள்சம்பளத் தலைப்பு 18 மாதத்துக்கு என்று ஒதுக்கப்பட்டது, முடிந்துவிட்டது. மிச்சத்தைச் சம்பளத்துக்கு மாற்றக் கேட்டு எழுதினோம். ஏழு வாரம் கழித்து, ஆள்சம்பளத் தலைப்பை அனுமதித்த அளவுக்கு மேல் உயர்த்த இயலாது என்று பதில் வந்தது.

அல்சூரில் எங்கள் ஆடிட்டர் இருக்கிறார். தஞ்சாவூர்க்காரர், முப்பது வருடமாகப் பெங்களூரில் தொழில் செய்கிறார். அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்து வங்கிப் புத்தகத்தைக் காட்டி, "ஐயா, பணம் இருக்கிறது, ஆள் இருக்கிறார், வேலை இருக்கிறது. கொடுக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "கொடுக்கலாம் அம்மா, உங்கள் பணத்திலிருந்து" என்றார். மிச்சத் தொகைக்கு வங்கி போட்ட வட்டியையும் அன்றே கணக்கிட்டுக் கொடுத்தார். மானியப் பணத்துக்குக் கிடைக்கும் வட்டியை இந்தியத் தொகுப்பு நிதியில் திருப்பிக் கட்டவேண்டும் என்பது மத்திய அரசின் பொது நிதி விதிகளில் இருக்கிறது. சில ஆயிரம் ரூபாய். கட்டினேன். பொதுப்பணத்துக்கு அந்தக் கண்டிப்பு தேவை என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. ஒவ்வொரு ரூபாய்க்கும் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்பதும் சரிதான். நானும் வரி கட்டுகிறவள்.

ஆனால் விதி எதைக் கண்டிப்போடு காக்கிறது என்று பாருங்கள். கருவிக்கு ஒதுக்கிய பணம் கருவிக்கே போகிறதா என்று பார்க்கிறது. ஆராய்ச்சியில் எதிர்பாராதது நடக்கும் என்பதை முன்கூட்டியே ஒத்துக்கொண்டுதான் இந்த மானியமே வைக்கப்படுகிறது. நடந்தபோது அதற்கான காலத்தைக் கொடுக்கிறது, அந்தக் காலத்தில் வேலை செய்யும் மனிதருக்கான கூலியைக் கொடுக்கவில்லை. மூலதனம் உள்ள பெரிய நிறுவனத்தில் இந்த ஆறு மாதம் எங்கோ கரைந்துவிடும். இரண்டு மேசை நிறுவனத்தில் கரைவதற்கு இடம் கிடையாது. நேராகக் கீழே இறங்கி, அந்த அறையில் மிகக் குறைவாகச் சம்பளம் வாங்குகிறவரிடம் போய் நிற்கிறது. அவர்தான் சீம்பாலைக் கண்டுபிடித்தவர் என்பதை எந்தத் தலைப்பின் கீழும் எழுத முடியாது.

அமெரிக்காவில் இதே நோக்கத்தோடு 1982-இல் சட்டம் போட்டு எஸ்.பி.ஐ.ஆர். திட்டத்தைத் தொடங்கினார்கள். அங்கே தேசிய சுகாதார நிறுவனங்கள் தரும் சிறுதொழில் மானியத்தில், மொத்தச் செலவில் 7 சதவீதம் வரை நிறுவனம் தனக்கென்று கட்டணமாகக் கேட்கலாம். அதை எதற்குச் செலவழித்தோம் என்று தலைப்பு வாரியாகக் காட்டவேண்டியதில்லை. 28,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு அலைந்த நாட்களில் அந்த 7 சதவீதத்தைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். நம் விதிகளைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. நீட்டிப்புக் கடிதத்தோடு சேர்த்து, மிச்சமிருக்கும் பணத்திலிருந்து ஏற்கெனவே வேலையில் இருப்பவரின் சம்பளத்தைத் தொடரலாம் என்று ஒரு வரி எழுதினால் போதும். அரசுக்கு ஒரு ரூபாய் கூடுதலாகச் செலவாகாது.

நீட்டிப்பின் முதல் இரண்டு மாதச் சம்பளத்தை முழுதாகக் கொடுத்தோம். நண்பர் இணையத்தில் வகுப்பு எடுத்தார், நான் வேறொரு நிறுவனத்துக்கு ஆய்வு நடைமுறைகள் எழுதிக் கொடுத்தேன், வளையல் அடகுக்குப் போனது. மூன்றாம் மாதம் பாதிதான் கொடுக்க முடிந்தது. உறையை நீட்டும்போது என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். "மீதியை மெதுவாகக் கொடுங்கள் அக்கா" என்று வாங்கிக்கொண்டார். நான்காம் மாதம் நானே சொன்னேன், வேறு வேலை கிடைத்தால் போய்விடு என்று. பொம்மசந்திராவில் ஒரு சோதனைக்கூடத்தில் கூடுதல் சம்பளத்துக்குக் கிடைத்தது, போனார். மாடுகளைத் தொடர்ந்து பின்பற்றும் வேலை அப்போது முடிந்திருக்கவில்லை. கடைசி இரண்டு தொகுதி மாதிரிகள் வந்தபோது, கேட்காமலே இரண்டு ஞாயிற்றுக்கிழமை மாரிக்குப்பத்திலிருந்து ரயிலேறி வந்து முடித்துக் கொடுத்தார். அந்த இரண்டு நாட்களுக்குக் கூலி வாங்க மறுத்துவிட்டார். பாக்கிச் சம்பளத்தைக் கடைசித் தவணை வந்தபிறகு நிறுவனக் கணக்கிலிருந்து கொடுத்தேன், ஒன்பது மாதம் தாமதமாக.

எங்கள் பட்டையோடு வரும் சிறு தாளில் இப்போது ஒரு வரி இருக்கிறது: கன்று ஈன்ற முதல் 10 நாட்களிலும், பால் வற்றும் வாரங்களிலும் இந்தச் சோதனையைச் செய்யவேண்டாம். அந்தப் பத்து என்ற எண் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் கிடைத்தது.

சென்ற மாதம் அடுத்த கட்டத்துக்கு வேறொரு மானியத்துக்கு விண்ணப்பித்தேன். திட்டக் காலம் 18 மாதம். ஆள்சம்பளத் தலைப்பில் 24 மாதம் என்று எழுதி, காரணம் கேட்கும் கட்டத்தில் சீம்பால் கதையைச் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறேன். அனுப்பிய அன்று மாலை அவரை அழைத்து, கிடைத்தால் திரும்ப வருகிறாயா என்று கேட்டேன். பின்னணியில் ரயில் நிலையத்தின் இரைச்சல்.

"எத்தனை மாதத்துக்கு அக்கா?"

இருபத்து நான்கு என்று எழுதியிருக்கிறேன், அவர்கள் பதினெட்டு என்று வெட்டவும் கூடும் என்றேன். வெட்டாமல் வந்தால் சொல்லுங்கள் என்றார். வண்டி வந்துவிட்டது, வீட்டுக்குப் போய்ப் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார்.